பானெட் ஆறும் வரை

1. முதல் நாள்

கார் கழுவுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. நான் பதில் சொன்னதில்லை. யாருக்கும் எதற்கும் சட்டென்று பதில் சொல்ல வராத ஆள் நான். ஆனால் மட்டாஞ்சேரியில் வீடு வீடாகப் போய்க் கார் கழுவித்தான் என் காலம் போனது. சர்வீஸ் ஸ்டேஷன் வேலை வேறு. அங்கே வண்டி வரும், போகும். வீட்டில் கழுவுகிறவனுக்கு ஒரே வண்டியை வருஷக்கணக்கில் கழுவ வாய்க்கும். அந்த வண்டி எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துவிடும். புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நாலாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தேன். பஜார் ரோட்டில் சங்கரலிங்கம் முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில் சுக்குப் பொறுக்கும் வேலை. அவருடைய தகப்பனார் காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்து கொச்சியில் நிலைத்த குடும்பம். சுக்குத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க இருமிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஊருக்கு அனுப்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டில் வண்டி கழுவ ஆள் இல்லை, சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடு என்றார்.

போனேன். கறுப்பு அம்பாசடர். அப்போதுதான் அதை ஓட்டி வந்து ஷெட்டில் விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார். எனக்கோ வேலை போய்விடாமல் தப்பித்த சந்தோஷம். யாரும் சொல்லாமலே கிணற்றில் வாளியை விட்டு இறைத்து, ஒரு செம்பு தண்ணீரைப் பானெட்டின்மேல் ஊற்றினேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது. தண்ணீர் வழிவதற்குள் காய்ந்து, கறுப்புப் பெயிண்டில் வட்ட வட்டமாக வெள்ளை பூத்தது.

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். அவர் வசவு பஜார் முழுக்கப் பிரசித்தம்.

"ஏல, கொதிக்கிற சட்டியில யாராவது பச்சைத்தண்ணிய ஊத்துவானால? அதுவும் இந்த உப்புத்தண்ணிய? தொட்டுப் பாக்க வேண்டாமா?"

தொட்டேன். உள்ளங்கையால் தொட்டேன்.

"புறங்கையால தொடுல. கிட்டங்கியில மூட்டை இழுத்துக் காச்சுப்போன உள்ளங்கைக்குச் சூடு எப்படித் தெரியும்?"

திருப்பித் தொட்டதும் கையை உடனே எடுத்துவிட்டேன். அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான். வண்டி கழுவப் போகிறவன் முதலில் பானெட்டைப் புறங்கையால் தொட வேண்டும். சூடு இருந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். வேறு வேலை இருந்தால் பார்க்கலாம். கால்மிதியை உதறலாம், டிக்கியைத் துடைக்கலாம். தண்ணீரை மட்டும் தொடக் கூடாது.

2. தண்ணீர்

மட்டாஞ்சேரியில் கார் கழுவுவதில் பாதிக் கஷ்டம் தண்ணீர்தான். காயல் பக்கத்தில் இருப்பதால் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வெள்ளை வண்டி என்றால் தெரியாது. கறுப்பு வண்டி காட்டிக் கொடுத்துவிடும். பைப்புத் தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம் வரும். அதற்குத் தெருவில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் கார் கழுவ ஒரு ஆண்பிள்ளை வாளியோடு போய் நின்றால் என்ன பேச்சு விழும் என்று நினைத்துப் பாருங்கள். "அண்ணாச்சியுடெ காருக்கு தாகிக்குன்னு" என்று, காருக்குத் தாகம் எடுத்துவிட்டதாக ஒரு அம்மாள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாள் நான் போகவில்லை.

முதலாளி வீட்டில் இதற்கு ஒரு வழி இருந்தது. மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீரை அண்டாக்களில் பிடித்து, வெள்ளைத் துணி கட்டி மூடி ஷெட்டின் மூலையில் வைத்திருப்பார்கள். கழுவுவதெல்லாம் கிணற்றுத் தண்ணீரில். அது காய்வதற்கு முன்னால் கடைசியாக மழைத்தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். ஒரு வாளி போதும், சிக்கனமாகச் செய்தால். அதற்குப் பின் ஈரத்தை ஒற்றி எடுக்கப் பழைய மல்வேட்டி. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.

மற்ற முறைகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேலிருந்து கீழே கழுவ வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி, அதை பாடியில் வைக்கவே கூடாது. கையிலிருந்து தவறிக் கீழே விழுந்த துணியை அன்றைக்குத் திரும்பத் தொடக் கூடாது, அதில் ஒட்டிய ஒரு மணல் போதும் கோடு கிழிக்க. சோப்புத்தூள் மாதம் ஒருமுறை போதும், அடிக்கடி போட்டால் பளபளப்பு செத்துவிடும். கண்ணாடிக்கு நனைத்த பேப்பர். பம்பருக்கும் வீல்கப்புக்கும் பல்பொடி. கதவு ரப்பருக்குத் துளி தேங்காய் எண்ணெய். மட்கார்டுக்கு உள்ளே விரலை விட்டுச் சேற்றை வழித்து எடுக்க வேண்டும். உப்புக்காற்று முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உள்ளே சேறு இருந்தால் வண்டி தாங்காது.

3. தேங்காய்

அந்த வண்டியில் எனக்கு மட்டும் தெரிந்த இடங்கள் நிறைய இருந்தன. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு காற்று நாளில் வண்டியை முற்றத்தில் விட்டிருந்தார் முதலாளி. பக்கத்துத் தென்னையிலிருந்து காய் ஒன்று கூரையில் விழுந்தது. பின்சீட்டுக்கு மேலே, இடது பக்கமாக. முதலாளி வெளியே வந்து பள்ளத்தைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தித் தென்னை மரத்தைத் திட்ட ஆரம்பித்தார். அதன் அப்பன் பாட்டன் வரைக்கும் போனார். வாசலில் நின்றிருந்த அவர் வீட்டம்மா கோமதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள். நான் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அந்த மனுஷர் கோபமாக இருக்கும்போது சிரிப்பது உடம்புக்கு ஆகாது.

பாடி வேலைக்காரர் உள்பக்கத்திலிருந்து மரச்சுத்தியலால் தட்டி எடுத்துக் கொடுத்தார். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கழுவி முடித்தால் வண்டி முழுக்கத் தண்ணீர் வழிந்த பிறகும் அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு தண்ணீர் தங்கும். வானம் அதில் தெரியும். அதைத்தான் கடைசியாக ஒற்றுவேன். அதை ஒற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

4. காபி

சாயங்காலங்களில் வண்டிக்கு உறை போட நான் வருவேன். உறையும் சூட்டோடு போடக் கூடாது. அதனால் முதலாளி வந்த பிறகு ஷெட்டில் காத்திருப்பேன்.

பஜாரிலிருந்து வந்தவுடன் முதலாளி நேரே முன்னறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். விலை இறங்கியிருக்கும், இல்லை யாராவது ஈரச் சுக்கைக் காய்ந்தது என்று தலையில் கட்டப் பார்த்திருப்பார்கள். அந்த நேரம் யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கோமதியம்மாள் சமையல்கட்டு வழியாக ஷெட்டுக்கு வருவார்கள். என்னைக் கவனிக்காத மாதிரி பானெட்டில் கையை வைப்பார்கள். வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். திரும்பவும் வந்து வைப்பார்கள். ஒரு தடவை கையை எடுக்காமல் கொஞ்சம் நின்றால், அடுத்து உள்ளேயிருந்து காபி ஆற்றுகிற சத்தம் கேட்கும்.

பல மாதம் எனக்கு இது விளங்கவில்லை. கேட்கவும் கூச்சம். அவர்களாகவே ஒருநாள் சொன்னார்கள்.

"வந்த சூட்டோட குடுத்தா காபியும் வீணு, எனக்கும் வசவுய்யா. இது ஆறும்போதுதான் அவுகளும் ஆறுவாக."

சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். கல்யாணமான புதிதில் தானாகக் கண்டுபிடித்த கணக்காம் அது. முதலாளிக்கு இது தெரியவே தெரியாது. தன் வீட்டில் காபி சரியான நேரத்துக்கு வருகிறது என்று மட்டும் ஊரில் பெருமையாகச் சொல்வார்.

எனக்கு அப்போது கல்யாணமாகி மனைவி ஊரில் இருந்தாள். தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் போவேன். நான் வருகிற நாள் அவளுக்கு முன்கூட்டித் தெரியாது. திடீரென்று வாசலில் போய் நிற்பேன். அவள் பதறுவாள், வீட்டில் ஒன்றும் இருக்காது. ஷெட்டில் உறையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது, உள்ளே காபி ஆற்றுகிற சத்தம் கேட்டால், எனக்கு ஊர் ஞாபகம் வரும். எதை நினைத்து ஏங்கினேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. காபிக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

5. அந்தச் சாயங்காலம்

அன்றைக்கும் உறை போடத்தான் வந்தேன். வண்டி வந்தது. ஓட்டி வந்தது முதலாளி இல்லை, பக்கத்துக் கிட்டங்கிக்காரரின் டிரைவர். கூட இரண்டு பேர். இறங்கினவர்கள் என்னைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் முன்வாசலுக்குப் போனார்கள். முதலாளிக்கு பஜாரில் வைத்து நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது என்று பின்னால்தான் தெரிந்தது.

வண்டிச் சத்தம் கேட்டு, பழக்கப்படி கோமதியம்மாள் பின்வழியாக ஷெட்டுக்கு வந்தார்கள். பானெட்டைத் தொட்டார்கள். நல்ல சூடு. உள்ளே போய்விட்டார்கள். முன்வாசலில் வந்தவர்களுக்கோ எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தார்கள். அதற்குள் அம்மா திரும்பவும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் தடவை டம்ளரோடு வந்தார்கள். பானெட்டில் ஒரு கை, டம்ளரில் ஒரு கை. அப்போதுதான் முன்பக்கம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அலறியது கேட்டது.

டம்ளரை ஷெட்டுத் திண்டில் வைத்துவிட்டு ஓடினார்கள். அது அங்கேயே ஏடு கட்டி இருந்தது. அதை எடுத்துக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. வேறு யாரோ எடுத்தார்கள்.

6. தள்ளி விட்டது

வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரே மகன் பம்பாயில் உத்தியோகம். ஆனாலும் அம்மா என்னை நிறுத்தவில்லை. சனிக்கிழமை போவேன், கழுவுவேன். ஓடாத வண்டியில் அழுக்கு ஏது? தூசிதான். மழைத்தண்ணீரில் அலசி, கடைசிப் பள்ளத்தை ஒற்றி எடுப்பேன். அம்மா வந்து பானெட்டில் கையை வைத்துவிட்டுப் போவார்கள். இப்போது ஒரே தடவைதான். திரும்ப வர வேண்டிய அவசியம் இல்லை, அது எப்போதும் ஆறித்தானே இருந்தது.

மகன் வந்தபோது விற்றுவிடலாம் என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "உப்புக்காத்துல நின்னு நின்னே துருப்பிடிச்சுப் போகும்மா. யாராவது ஓட்டட்டும்." அம்மா மறுத்துப் பேசவில்லை.

வாங்க வந்த ஏஜெண்டு சாவியைத் திருகினால் பேட்டரி உயிரோடு இல்லை. தள்ள வேண்டும் என்றார். ஆள் நான்தான் இருந்தேன். அன்று காலையில் துடைத்து வைத்த டிக்கியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினேன். தெருமுனை வரைக்கும் தள்ளினேன். திடீரென்று என்ஜின் பிடித்தது. வண்டி என் கையை விட்டுப் போனது. கையை நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். திரும்பி வந்தால் அம்மா வாசலில் நின்றார்கள். "கிளம்பிருச்சா?" என்றார்கள். "கிளம்பிருச்சும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு வேறு வீடுகளில் வேறு வண்டிகள் கழுவினேன். ஃபியட், வெள்ளை அம்பாசடர், ஒரு ஜீப்பு. எந்த வண்டியின் கூரையைத் துடைத்தாலும் என் கை தானாக இடது பக்கம் பின்னால் போய்ப் பள்ளத்தைத் தேடும். தண்ணீர் தங்காமல் வழிந்து போயிருக்கும். வேலை முடிந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

கறுப்பு அம்பாசடர் எதைப் பார்த்தாலும் நிற்க ஆரம்பித்தேன். வைட்டிலா பக்கம் போனால் பார்ப்பேன். களமசேரியில் ஃபேக்டரி வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்ப்பேன். முதலாளி வீட்டுத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் கோமதியம்மாள் கேட்பார்கள்.

"எங்கயாவது பாத்தியாய்யா?"

"இல்லம்மா."

இப்படியே சில வருஷம். எண்பதுகள் வந்துவிட்டன. ஒருநாள் அம்மா வேறு மாதிரி பேசினார்கள். மகன் பம்பாய்க்கே வந்துவிடச் சொல்கிறானாம், வீட்டைக் கொடுத்துவிடப் போகிறார்களாம். ஐப்பசி முடிவதற்குள் கிளம்ப வேண்டும்.

"போறதுக்குள்ள கண்ணுல பட்டா சொல்லு. ஒரு தடவை பாத்துட்டுப் போயிருவேன்."

அவர்கள் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான்.

7. பஸ்ஸிலிருந்து

அதற்குப் பிறகு சாலையில் எதிரே வருகிற வண்டியை எல்லாம் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒரு மழை நாளில் பஸ்ஸில் பள்ளுருத்திக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை விட்டு வெயில் அடித்தது. டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. ஜன்னல் வழியே மேலேயிருந்து பார்த்தால் வரிசையாக டாக்ஸிகளின் மஞ்சள் கூரை. எல்லாக் கூரையிலும் தண்ணீர் வழிந்துவிட்டது. ஒன்றில் மட்டும் இடது பக்கம் பின்னால் உள்ளங்கை அளவு தண்ணீர் தங்கி, அதில் வானம் தெரிந்தது.

பஸ் கிளம்பிவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்த எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடி வந்தேன். கூரையை மஞ்சளாக்கி டாக்ஸி ஆக்கியிருந்தார்கள், அதனால்தான் இவ்வளவு நாள் என் கண்ணுக்குப் படவில்லை. நம்பர் போர்டில் சேறு. கட்டைவிரலால் வழித்தேன். அதே நம்பர்.

"எந்தா அண்ணாச்சி, என் வண்டி மேல ஒரு நோட்டம்?"

டிரைவர் சேவியர் சேட்டன். பெரிய உடம்பு, பெரிய குரல். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை வாளியும் துணியுமாகப் போனேன். அவர் சாயா குடிக்கப் போயிருந்தார். பேசுவதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மட்கார்டுக்குள் கையை விட்டேன். எத்தனை வருஷச் சேறோ, கட்டி கட்டியாக வந்தது. திரும்பி வந்த சேவியர் சேட்டன் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் சொல்லிக் கழுவுகிறாய் என்றார். நான் கழுவிக்கொண்டே இருந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். வண்டி சுத்தமானால் நஷ்டமில்லை என்று விட்டுவிட்டார்.

சில நாள் இப்படிப் போனது. ஒரு காலையில் அவர் எனக்கும் ஒரு சாயா வாங்கி வந்து கையில் கொடுத்து, "இனி பறயணம், சொல்லு. எந்தா வேணும் நெனக்கு?" என்று கேட்டார். வாளியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது பெண்ணு பார்க்கப் போறது போல உண்டல்லோ. காரைக் கூட்டிக்கொண்டு போய் அம்மைக்குக் காட்டணும், இல்லே?"

பிறகு யோசித்தார். பழைய வீட்டு முற்றத்துக்கு வண்டியைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்று டாக்ஸிக்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டாம். விற்ற பசுவைப் பழைய தொழுவம் காட்டினால் அங்கேயே நின்றுவிடும் என்பது மாதிரி. பழைய ஆட்கள் கண் வைத்தால் வண்டி படுத்துவிடும், என் பிழைப்பு இது என்றார். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டே சொன்னார். மிச்சமிருந்த சக்கரத்தைக் கழுவினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி. வியாழன் நான் வராம்," என்றார் கடைசியில்.

அம்மா வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறார்கள்.

8. வியாழக்கிழமை

மத்தியானமே நான் போய் ஷெட்டைப் பெருக்கி வைத்தேன். வீட்டுச் சாமானெல்லாம் கட்டி, கூடத்தில் மூட்டையாக இருந்தது. மகன் ரயில்வே பார்சல் ஆபீசுக்குப் போயிருந்தார். ஷெட்டு மூலையில் ஒரு அண்டாவில் மட்டும் அந்த வருஷ மழைத்தண்ணீர் இருந்தது. ஒரு வாளி மொண்டு வைத்தேன். துவைத்துக் காயவைத்த மல்வேட்டி, புதுப் பல்பொடி, தேங்காய் எண்ணெய். சேவியர் சேட்டன் சீக்கிரம் வந்தால் கழுவித் துடைத்துப் பழைய மாதிரி ஆக்கிவிட்டு அப்புறம்தான் அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்பது என் கணக்கு. மஞ்சள் கூரையை ஒன்றும் செய்ய முடியாது. மற்றதையாவது செய்யலாம்.

அவர் வரவில்லை. வெயில் சாய்ந்தது. கண் வைத்துவிடுவார்கள் என்று பயந்துவிட்டார் என்றே முடிவு செய்தேன். வாளித் தண்ணீரை அண்டாவில் திரும்ப ஊற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தெருவில் அந்த என்ஜின் சத்தம் கேட்டது.

களமசேரிக்கு ஒரு சவாரி, வழியில் மழை, மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஷெட்டுக்குள் விட்டார். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் நான் துடைத்த வண்டியா அது? கதவு வரைக்கும் செம்மண் சேறு. கண்ணாடியில் பூச்சிகள். வாளியைத் தூக்கினேன். பழக்கத்தில் புறங்கை பானெட்டுக்குப் போனது. கொதித்தது. வாளியைக் கீழே வைத்தேன்.

அதற்குள் சமையல்கட்டுக் கதவு திறந்தது. சத்தம் கேட்டு அம்மாவே வந்துவிட்டார்கள். சேற்றைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். அவர்கள் சேற்றையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. நேரே வந்து பானெட்டில் கையை வைத்தார்கள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த கையையே பார்த்தார்கள். உள்ளே போய்விட்டார்கள்.

அழுக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்டியது பிடிக்கவில்லை போல என்று நான் வெந்துபோனேன். சேவியர் சேட்டனுக்கும் ஒன்றும் புரியவில்லை. "கண்டல்லோ, போகட்டே? சவாரி இருக்கு," என்று ஸ்டியரிங்குக்குத் திரும்பினார்.

கதவு திரும்பத் திறந்தது. அம்மா வந்து பானெட்டைத் தொட்டார்கள். திரும்பவும் உள்ளே போனார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் போய் சேவியர் சேட்டனின் கதவைப் பிடித்துக்கொண்டேன். "கொஞ்சம் நில்லுங்க சேட்டா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

மூன்று பேருமாகக் காத்திருந்தோம். நாங்கள் இருவரும் ஷெட்டில், அம்மா உள்ளே. என்ஜின் ஆறும்போது டிக் டிக்கென்று ஒரு சத்தம் வருமே, அது ஒன்றுதான் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து காபி ஆற்றுகிற சத்தம்.

அம்மா தட்டில் மூன்று டம்ளரோடு வந்தார்கள். திண்டில் வைத்துவிட்டு, பானெட்டில் கையை வைத்து, எடுக்காமல் நின்றார்கள்.

"ஆறிருச்சு," என்றார்கள்.

ஒன்றை சேவியர் சேட்டனிடம் கொடுத்தார்கள். ஒன்றை என்னிடம். மூன்றாவது டம்ளர் திண்டில் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து, பானெட்டில் சாய்ந்து நின்றபடியே குடித்தார்கள். அத்தனை வருஷத்தில் அவர்கள் காபி குடித்து நான் பார்த்தது அன்றுதான்.

சேவியர் சேட்டனுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நாளைக்கு ஸ்டேஷனுக்கு நானே கொண்டு விடுகிறேன் அம்மே, சவாரியாக வேண்டாம், சும்மா என்றார்.

"வேண்டாம்யா," என்றார்கள் அம்மா. "இது வீட்டுக்கு வர்ற வண்டி. இதுல ஏறி வீட்டை விட்டுப் போக மாட்டேன். நல்லா ஓடுதா? ஓடட்டும். நிறுத்தி மட்டும் வச்சிராத."

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "சூடு ஆறிருச்சுல்லா, இனி தண்ணி ஊத்தலாம்யா."

கழுவினேன். அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். மழைத்தண்ணீரில் அலசி, வேட்டியால் ஒற்றி, கடைசியில் மஞ்சள் கூரையில் தங்கிய தண்ணீருக்கு வந்தேன். அதை ஒற்றவில்லை. அப்படியே விட்டேன். சேவியர் சேட்டன் வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவுக்குத் திருப்பும்போது அது ஆடி, விளிம்பில் வழிந்து போனது.

9. கடைசியாக

அடுத்த பொங்கலுக்குள் என் மனைவியைப் பள்ளுருத்திக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஒரே அறைதான். என்னிடம் சைக்கிள்தான் உண்டு, அது சூடாவதில்லை. மணிச் சத்தம் கேட்டு அடுப்பு மூட்டுகிறாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதே முதல் பாடம்தான். இப்போது நல்ல ஷாம்பு வந்துவிட்டது, பாலிஷ் வந்துவிட்டது, பைப்பில் தண்ணீரும் வேகமாக வருகிறது. எல்லாம் இருக்கட்டும். வாளியை எடுப்பதற்கு முன்னால் பானெட்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காத்திருங்கள். அந்த வீட்டுக்கு யாரோ இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.